அனந்தனும் ஆனந்தனும்: ஒரு கோப்புப் பெயர் அழிந்த கதை

இது நீண்ட பதிவு. மும்பைத் தமிழரின் திருமண அழைப்பிதழ்கள், கண்ணீர் அஞ்சலி அறிவிப்புகள், சங்க மலர்கள் ஆகியவற்றின் மொழிநடையே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அந்தப் பணியின் ஓரத்தில் எதிர்ப்பட்ட ஒரு சிறு கணினிச் சிக்கல் பல மாதங்களாக என்னை விடவில்லை. மொழியியல் பயின்றோருக்கும், பழைய விண்டோஸில் தமிழ் தட்டச்சு செய்து துன்புற்றோருக்கும், வீட்டுப் பரணில் பழைய குறுந்தட்டுகளை வைத்திருப்போருக்கும் பயன்படலாம் என்று கருதி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் முன்பு டி.டி.பி. கடை நடத்திய ஓர் அண்ணாச்சியைச் சந்தித்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்களின் நல்லது கெட்டது அனைத்துக்கும் அழைப்பும் அறிவிப்பும் வடிவமைத்தவர் அவர். மாட்டுங்காவின் கோயில் விழாத் துண்டறிக்கைகளும், செம்பூர் அடுக்ககங்களின் பொங்கல் விழா நிரல்களும்கூட அவரிடம் வந்திருக்கின்றன. கடையை மூடியபின், ஒரு வன்தட்டையும் ஒரு பெட்டி நிறையக் குறுந்தட்டுகளையும் பரணில் ஏற்றி வைத்திருந்தார். அவற்றை என்னிடம் கொடுத்தபோது சொன்னார்:

"எல்லாம் இருக்கும்னு நெனைக்காதீங்க தம்பி. சிலதுக்கு மேலயே இன்னொண்ணு ஏறிப் போச்சு. ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டர் சொல்லிட்டு. நானும் சரின்னு அமுக்கிட்டேன்."

அந்த 'ரெண்டு பேர்' யார் என்று கேட்டேன். 1999இல் காலமான ஒருவருக்கு அவர் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பு வடிவமைத்தார். அடுத்த ஆண்டு வேறொரு குடும்பத்தின் திருமண அழைப்பிதழைச் சேமித்தபோது, முன்னதன்மேல் பின்னது பதிந்துவிட்டது. இறந்தவர் பெயர் அனந்தன் என்றும், மணமகன் பெயர் ஆனந்தன் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்; ஆனால் முதலெழுத்து மட்டும் குறிலும் நெடிலுமாக வேறுபட்டது என்பது உண்மை.

இறந்தவரின் மனைவி பின்னொரு நினைவு நாளுக்கு அதே அறிவிப்பைக் கேட்டு வந்தபோதுதான் இழப்புத் தெரிந்தது. நிழற்படம் அவரிடம் இருந்தது. அதன் கீழே அச்சிட்டிருந்த உறவினர் பட்டியல்தான் இல்லை. எந்த ஊர், யார் மகன், யார் மருமகன், பங்காளிகள் யாவர், மாமன்மார் யாவர் என்று இறந்தவரின் தந்தை கடையில் உட்கார்ந்து சொல்லி எழுதவைத்த பட்டியல் அது. அம்முதியவரும் அதற்குள் காலமாகிவிட்டார். ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இத்தகைய அறிவிப்பு வெறும் அச்சுத்தாள் அன்று. பல வீடுகளில் வம்சாவளி எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான்.

"என் கைத் தப்பு" என்றே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அண்ணாச்சி எண்ணியிருந்தார். அது அவர் கைத் தவறன்று என்பதைச் சொல்வதற்குக் கோப்புப் பெயரின் வரலாற்றை முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

1981இல் வெளிவந்த டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்குக் கிடைத்த இடம் பதினோரு எழுத்துகளே. பெயருக்கு எட்டு, வகையைக் காட்டும் பின்னொட்டுக்கு மூன்று. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டு அளவுள்ள ஒரு பதிவு ஒதுக்கப்பட்டது. அதில் பதினொன்றுதான் பெயருக்கு. சிறிய எழுத்தில் தட்டினாலும் பெரிய எழுத்தாக மாற்றியே இயங்குதளம் பதிந்துகொண்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை அது ஒரு வேறுபாடாகவே கருதவில்லை. ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஆங்கிலம் அறிந்தவர் அதை ஒரே சொல்லாகத்தான் வாசிப்பார்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. (எங்கள் ஊரின் பெயர் பம்பாயிலிருந்து மும்பை என்று அரசாணையால் மாறியதும் அதே ஆண்டில்தான்.) கோப்புப் பெயர் 255 எழுத்துவரை நீளலாம் என்றாயிற்று. ஆனால் பழைய நிரல்கள் இயங்கவேண்டுமே! எனவே ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் பின்னால், அலைக்குறியும் எண்ணும் சேர்ந்த ஓர் எட்டெழுத்துக் குறும்பெயரையும் விண்டோஸ் மறைவாக வைத்துக்கொண்டது. பழைய நிரல்கள் கோப்பைச் சேமிக்கும் முறையில் இன்னொரு தொல்லை இருந்தது. அவை புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பொன்றில் எழுதி, பழையதை அழித்து, தற்காலிகக் கோப்புக்குப் பழைய குறும்பெயரைச் சூட்டும். இந்தப் பெயர்மாற்றத்தில் நீண்ட பெயர் தொலைந்துவிடும். இதற்கு மாற்றாக, அழிந்த கோப்பின் நீண்ட பெயரைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருந்து, அதே குறும்பெயரில் புதிய கோப்பு பிறந்தால் அதற்குச் சூட்டிவிடும் உத்தியைக் கையாண்டார்கள். விண்டோஸ் என்டி வரிசையில் அந்த நினைவின் ஆயுள் இயல்பாக 15 நொடி.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்திலும் ஒரு சமரசம் செய்யப்பட்டது. பயனர் எவ்வாறு தட்டினாரோ அவ்வாறே பெயரைக் காட்டுவது. ஆனால் இரு பெயர்கள் ஒன்றா வேறா என்று ஒப்பிடும்போது அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவது. நம் சிக்கல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

விண்டோஸ் 95, 98 ஆகியவை ஒவ்வொரு மொழிக்கும் உரிய 256 இடங்கள் கொண்ட குறிப்பக்கத்தைக்கொண்டு இயங்கின. ரஷ்ய மொழிக்கு ஒன்று, தாய் மொழிக்கு ஒன்று, ஜப்பானிய மொழிக்கு விரிவான ஒன்று என இருந்தன. தமிழுக்கோ மராத்திக்கோ எந்த இந்திய மொழிக்குமோ அத்தகைய குறிப்பக்கத்தை விண்டோஸ் ஒருபோதும் வகுக்கவில்லை. எனவே தமிழர்கள் செய்தது ஒரு மாறுவேடம். உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பொருத்தி எழுத்துரு செய்தார்கள். கணினிக்குத் தெரிந்தது உரோமன் எழுத்து. கண்ணுக்குத் தெரிந்தது தமிழ். இலங்கைத் தமிழரிடையே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவும் அவ்வகையே. அண்ணாச்சியின் கடையிலும் பாமினிதான்.

பாமினியில் ஆங்கிலத்தின் சிறிய 'எம்' விசை அகரம். பெரிய 'எம்' ஆகாரம். சிறிய 'சி' உகரம்; பெரிய 'சி' ஊகாரம். சிறிய 'கே' மகரம். பெரிய 'கே' மு. சிறிய 'எஃப்' ககரம்; பெரிய 'எஃப்' கு. விசைகளின் எண்ணிக்கை குறைவு, தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை மிகுதி. ஆகையால் ஒரு விசையின் கீழே குறிலையும் மேலே நெடிலையும், கீழே அகர உயிர்மெய்யையும் மேலே உகர உயிர்மெய்யையும் வைத்தார்கள். தட்டச்சுக்கு மிக நல்ல ஏற்பாடு. நினைவில் நிற்பதும் எளிது.

ஆனால் கோப்புப் பெயர் என்று வந்ததும் விண்டோஸ் இவற்றை ஒப்பிட்டது எப்படி? உடலும் ஊடலும் அதற்கு ஒன்று. எடுவும் ஏடும் ஒன்று. மடியும் முடியும் ஒன்று. கலமும் குலமும் ஒன்று. படமும் புடமும் ஒன்று. அறுவும் ஆறும் ஒன்று. அனந்தனும் ஆனந்தனும் ஒன்று.

மொழியியல் முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேதான். ஓரொலி மட்டும் மாறுவதால் பொருள் மாறும் சொல்லிணைகளைக் கண்டு, அவ்விரண்டும் வெவ்வேறு ஒலியன்கள் என நிறுவுவோம். பொருளை மாற்றாத ஒலி வேறுபாட்டை மாற்றொலி என்போம். தமிழின் ககரம் சொல்லின் முதலில் ஒருவாறும் இடையில் வேறொருவாறும் ஒலிக்கிறது. தமிழர் காதுக்கு அது ஒரே எழுத்து. ஆங்கிலேயர் காதுக்கு அவை இரண்டு. மறுதலையாக, நம் லகர ளகர ழகரங்களை இவ்வூர்ப் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் ஒரே உரோமன் எழுத்தால் எழுதிவிடுகின்றன. எது வேறுபாடு, எது வேறுபாடன்று என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. விண்டோஸ், ஆங்கிலத்தின் மாற்றெழுத்து விதியைத் தமிழின் ஒலியன்கள்மீது ஏற்றியது. எழுத்துரு செய்தவர் செய்ததும் பிழையன்று, இயங்குதளம் செய்தவர் செய்ததும் தம்மளவில் பிழையன்று. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒருவரின் உறவினர் பட்டியல் அழிந்தது.

இந்த மோதல் பலருக்குத் தெரியாமலே நிகழ்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. கோப்பைச் சேமிக்கும் பெட்டியில் பெயர் உரோமன் குப்பையாகத்தான் தெரியும். 'தமிழ்' என்று தட்டினால் பாமினியில் அது நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அதைத் தமிழாகக் காண, திரை அமைப்புக்குள் சென்று, படவுருக்களின் எழுத்துருவைப் பாமினி என்று மாற்றவேண்டும். அண்ணாச்சி அதைச் செய்திருந்தார். மாற்றியதும் கோப்புப் பட்டியல் முழுவதும் தமிழில் தெரிந்ததாம். ஆனால் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் வேடம் பூண்டன. 'மை டாக்குமெண்ட்ஸ்' என்னும் கோப்புறை 'ஆல னுழஉரஅநவெள' என்று நின்றது. அதே கணினியிலிருந்த மராத்தி வேலைகளின் பெயர்களும் இவ்வாறே சிதைந்தன. தாராவியில் ஒரு மொழியில் மட்டும் தொழில் நடத்த முடியாது. சில நாளில் எழுத்துருவைப் பழையபடி மாற்றிவிட்டார். அதன்பின் பெயரை நினைவால்தான் தட்டினார், கண்ணால் அல்ல.

அவர் கண்ட விந்தைகளில் ஒன்று ஆறும் ஏழும். மாதந்தோறும் ஒரு கோப்புறை வைத்து, அதற்கு எண்ணுப்பெயரே சூட்டியிருந்தார். பன்னிரண்டில் ஆறும் ஏழும் மட்டும் 'ஆற', 'ஏழ' என்று தெரிந்தனவாம். எத்தனைமுறை பெயரை மாற்றினாலும் அப்படியே. காரணம் எளிது. எட்டெழுத்துக்குள் அடங்கிய ஒரு பெயர் முழுதும் பெரிய எழுத்தாக இருந்தால், அது டாஸ் காலத்துப் பெயர் என்று கருதி, முதலெழுத்தை மட்டும் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் காட்டுவது அக்கால விண்டோஸின் வழக்கம். பாமினியில் 'ஆறு' இரண்டு பெரிய எழுத்து. 'ஏழு' இரண்டு பெரிய எழுத்து. மற்ற எண்ணுப்பெயர்களில் எங்கேனும் ஒரு சிறிய எழுத்து கலந்திருப்பதால் அவை தப்பின. முழுப் பெரிய எழுத்துப் பெயர்களை அனுமதிக்கும் தெரிவு கோப்புறை அமைப்புகளில் இருந்தது. அதைக் குறியிட்டால் போதும். அண்ணாச்சிக்கு அது தெரியாது. அவர் 'ஆறுமாசம்', 'ஏழுமாசம்' என்று நீட்டி எழுதித் தீர்த்துக்கொண்டார். அதுவும் சரியான தீர்வே.

ஈகாரத்தில் தொடங்கும் பெயர்களுக்கு வேறு தொல்லை. பாமினியில் ஈகாரம் 'சிறிது' என்பதைக் குறிக்கும் கணிதக் குறியின் இடத்தில் உள்ளது. விண்டோஸ் கோப்புப் பெயரில் விலக்கப்பட்ட ஒன்பது குறிகளில் அதுவும் ஒன்று. எனவே 'ஈழம்' என்றோ 'ஈஸ்வரி' என்றோ கோப்புக்குப் பெயரிட இயலாது. ஈஸ்வரிகள் எல்லாரும் அந்த வன்தட்டில் இகரத்தில்தான் தொடங்குகிறார்கள்.

பாமினி மட்டுமே இப்படி என்று எண்ணவேண்டாம். இணையத் தமிழர்கள் 1990களின் இறுதியில் கூடி வகுத்த திஸ்கி குறியேற்றம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்களைத் தாங்கியது. அதில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும். தமிழ் மேல்பாதியில் அமரும். இதனால் விலக்கப்பட்ட குறிகளின் தொல்லை நீங்கியது. ஆனால் மேல்பாதியில் மேலை ஐரோப்பிய மொழிகளின் சிறப்பெழுத்துகள் இருந்தன. அவற்றுக்கும் பெரியது சிறியது உண்டு. டேனிய மொழியில் குறுக்குக் கோடிட்ட ஓர் 'ஓ' உண்டு. அதன் சிறிய எழுத்தின் இடத்தில் திஸ்கியில் 'ல்' உள்ளது. பெரிய எழுத்தின் இடத்தில் 'ழு' உள்ளது. எனவே திஸ்கியில் பெயரிட்டால் 'வில்' என்பதும் 'விழு' என்பதும் விண்டோஸுக்கு ஒரே கோப்பு. அவ்வாறே 'க்' என்பதும் 'கு' என்பதும் ஓர் இணை. டென்மார்க்கு மொழியின் எழுத்துமுறை, தமிழில் ஒரு வில் விழுவதைத் தீர்மானித்தது.

இவற்றைச் சமாளிக்க அக்காலத்தோர் கண்ட வழிகள் பல. முதல் வழி, இரண்டடிப் பெயர்மாற்றம். 'மடி' என்று தவறாக இட்ட பெயரை 'முடி' என்று திருத்த முனைந்தால், சில பதிப்புகளில், குறிப்பாகக் கோப்புறைகளுக்கு, அப்பெயர் ஏற்கெனவே உள்ளது என்று இயங்குதளம் மறுக்கும். தன்னோடு தானே மோதுவதாக அது கருதுகிறது. எனவே முதலில் தொடர்பற்ற மூன்றாவது பெயர் ஒன்றைச் சூட்டி, அதிலிருந்து விரும்பிய பெயருக்கு மாற்றவேண்டும். இரண்டாவது வழி, பெயருக்கு முன் நாளையோ வரிசை எண்ணையோ சேர்ப்பது. எண்ணுக்குப் பெரியது சிறியது இல்லை. மூன்றாவது வழி, தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பெயரிடுவது. பெரும்பாலோர் சென்றடைந்தது இந்த மூன்றாவது வழிக்கே. நாம் இன்றும் நம் தமிழ்க் கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் கோப்புப் பெயர் வைக்கும் பழக்கத்தின் வேர் இங்கிருக்கலாம் என்பது என் கருத்து.

ஒருங்குறி வந்தபின் எல்லாம் தீர்ந்ததா? 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. 2000இல் வந்த விண்டோஸ் 2000 தான் தமிழை இயங்குதள அளவில் ஏற்ற முதல் விண்டோஸ். அதன்பின் கோப்புகளுக்கு உண்மையான தமிழ்ப் பெயர் சூட்ட முடிந்தது. ஆனால் கடைகளில் இருந்த பழைய நிரல்கள் ஒருங்குறி அறியாதவை. தமிழுக்குக் குறிப்பக்கமே இல்லாததால், ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் அவை கேள்விக்குறியாகக் கண்டன. கேள்விக்குறியோ கோப்புப் பெயரில் விலக்கப்பட்ட குறி. எனவே அக்கோப்பைத் திறக்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. அப்போது கைகொடுத்தது பழைய குறும்பெயர். கட்டளைத் திரையில் குறும்பெயர்களையும் சேர்த்துப் பட்டியலிடச் சொல்லி, அந்த உரோமன் பெயரைக்கொண்டு கோப்பைத் திறந்தார்கள். 1981இன் பதினோரு எழுத்து, 2000இன் தமிழ்ப் பெயருக்குப் பின்வாசலாயிற்று.

இன்றுள்ள சிக்கல் அன்றையதன் தலைகீழ். அன்று இரண்டு சொற்கள் ஒன்றாயின. இன்று ஒரு சொல் இரண்டாகிறது. 'பொங்கல்' என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் இருவாறு எழுதலாம். ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. ஆனால் விண்டோஸின் கோப்பு முறைமை இரண்டையும் வேறெனவே கொள்கிறது. 1998இல் மேக் கணினிகளுக்கு வந்த கோப்பு முறைமையோ எல்லாப் பெயர்களையும் பிரித்தெழுதும் வடிவுக்கு மாற்றியே பதிந்தது. 2017இல் அதற்கு மாற்றாக வந்தது அவ்வாறு மாற்றுவதில்லை. இதனால் மேக்கில் கட்டிய பொதியொன்றை விண்டோஸில் பிரித்தால், ஒரே கோப்புறையில் இரண்டு 'பொங்கல்' அடுத்தடுத்து நிற்கக்கூடும். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. கொரிய மொழியினருக்கு இது நெடுநாளைய தொல்லை. அவர்களின் அசைகள் மெய்யும் உயிருமாக உதிர்ந்து தெரியும். துருக்கியர்க்கோ புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ஆங்கில விதியோ அவற்றை ஒன்றாக்கிவிடும். நாம் தனித்து நிற்கவில்லை.

இனி அண்ணாச்சியின் பெட்டிக்குத் திரும்புவோம். வன்தட்டில் 'ஆனந்தன்' திருமண அழைப்பிதழ் மட்டுமே இருந்தது. எதிர்பார்த்ததுதான். குறுந்தட்டுகளைப் பார்க்கையில் ஒரு தட்டு மட்டும் மாறுபட்டது. அவரிடம் அப்போது குறுந்தட்டு எழுதும் கருவி இல்லாததால், வேறொரு கடையில் கொடுத்துப் பதிந்த தட்டு அது. நீண்ட பெயர்களைக் காக்கும் ஜோலியட் முறையில் எழுதாமல், அடிப்படைத் தர முறையில் எழுதியிருந்தார்கள். அந்த முறை எட்டெழுத்துப் பெயர்களையே ஏற்கும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும். அரைப்புள்ளி போன்றவற்றை அடிக்கோடாக மாற்றும். விளைவு, அத்தட்டிலுள்ள பெயர்களைப் பாமினியில் வாசித்தால் தமிழில் இல்லாத ஒரு மொழி. 'மரபு' அங்கே 'முருபு'. குறில்கள் எல்லாம் நெடில். அகர உயிர்மெய்கள் எல்லாம் உகர உயிர்மெய்.

அப்பட்டியலில் ஏழெழுத்துப் பெயர் ஒன்று இருந்தது. புள்ளிகள் அடிக்கோடாகிவிட்டதால், வாசித்தால் 'ஆனுநுதுனு' என்று வந்தது. அது அனந்தனா, ஆனந்தனா? பெயரைக்கொண்டு சொல்ல வழியே இல்லை. இருவரும் பெரிய எழுத்தில் ஒருவரே. ஆனால் கோப்பின் நாள் பெயரைப் போல மாறியிருக்கவில்லை. அது 1999ஐக் காட்டியது. திருமண அழைப்பிதழ் வடிவமைத்த ஆண்டு 2000.

பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, பேஜ்மேக்கரில் அதைத் திறந்தேன். எழுத்துரு இல்லாததால் முதலில் உரோமன் குப்பையாக வந்தது. பாமினியைச் சேர்த்ததும் கண்ணீர் அஞ்சலி திரையில் நின்றது. நிழற்படம் இணைப்பறுந்து வெற்றுக் கட்டமாக இருந்தது. பட்டியல் முழுமையாக இருந்தது: ஊர், தந்தை, பங்காளிகள், மாமன்மார், மைத்துனர்கள், அவர்கள் வேலைபார்த்த இடங்கள்.

அண்ணாச்சியிடம் இக்காரணங்களை எல்லாம் விளக்கினேன். குறில் நெடில் என்று நான் தொடங்கியதும், "அதான் தம்பி, நான் சரியாத்தான் நெடில் போட்டேன்" என்றார். சரியாகத்தான் போட்டார். அச்சிட்ட பட்டியலை அவரே அந்தக் குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் உடன் செல்லவில்லை. அது ஆய்வுக்கு உரிய இடமாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து, பழைய தட்டுகளை வைத்திருப்போருக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, பெயர் மாற்றத் தொடங்குமுன் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து வையுங்கள். இரண்டாவது, நீண்ட பெயர், குறும்பெயர், நாள், அளவு நான்கையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பொய் சொல்லும்போது நாள் உண்மை சொல்லும். மூன்றாவது, இரண்டு தட்டுகளின் கோப்புகளை ஒரே கோப்புறையில் கொட்டாதீர்கள். மோதல் பெரும்பாலும் அங்கேதான் நிகழும். தட்டுக்கு ஒரு கோப்புறை வையுங்கள். நான்காவது, 'மாற்றிவிடவா' என்று கணினி கேட்டால், இரண்டையும் திறந்து பார்க்கும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது, ஒருங்குறிக்குப் பெயர் மாற்றும்போது, பழைய பெயரை எறியாமல் பட்டியலில் பக்கத்திலேயே வையுங்கள். பிற்காலத்தில் ஒருவர் நம் மாற்றத்திலும் பிழை காணக்கூடும். அவருக்கு மூலம் வேண்டும்.

மும்பைத் தமிழர் வரலாறு என்றால் மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், சபாக்கள், தாராவியின் தோல் பதனிடும் தொழில் என்று நிறுவனங்களின் வழியாகவே பெரும்பாலும் எழுதுகிறோம். குடும்பங்களின் வரலாறு டி.டி.பி. கடைகளின் வன்தட்டில் இருக்கிறது. கடைகள் மூடப்படுகின்றன; தாராவியின் சந்துகளும் மாறப்போகின்றன; தட்டுகள் எடைக்குப் போகின்றன. உங்கள் தெருவில் இத்தகைய கடை வைத்திருந்த அண்ணாச்சியோ, மாமாவோ, அக்காவோ இருந்தால், பழைய தட்டுகளை எடைக்குப் போடவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுங்கள். அதில் யாரோ ஒருவரின் பெயர் இன்னொருவரின் பெயருக்கு அடியில் இருக்கக்கூடும்.